விரலை மட்டும் பதிந்துகொண்டார்கள்

கம்ப்யூட்டர் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது சில்லிட்டுப்போன என் உள்ளங்கால்தான். எண்பதுகளின் கடைசியில் கொடைக்கானலில் ஒரு பெண்கள் போர்டிங் பள்ளிக்கூட ஆபீஸில் நான் குமாஸ்தா. மெஷின் வந்த அன்றைக்கே அந்த அறை வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். மெட்ராஸில் அப்படித்தானாம். மெட்ராஸில் வெயில் கொளுத்துகிறது, கழற்றுவார்கள். மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து மேஜைமேல் உட்காருகிற ஊரில், சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நில் என்றால் என்ன நியாயம்? நான் கன்னிவாடிக்காரி, வெயிலில் வளர்ந்த உடம்பு. குளிர் பாதத்தில் ஏறினால் முழங்காலுக்கு வந்துதான் நிற்கும்.

இது போதாது என்று மெஷினுக்கு ஈரம் ஆகாது என்று ஒரு மின்சார ஹீட்டர் வாங்கினார்கள். நாங்கள் எத்தனையோ குளிர்காலமாக ஆபீஸுக்கு ஒரு கரியடுப்பு கேட்டுக்கொண்டிருந்தோம். அதற்கு வழி பிறக்கவில்லை. அந்தப் பெட்டிக்கு மட்டும் உடனே பிறந்துவிட்டது. நான் நைசாக ஹீட்டரை எங்கள் பக்கம் திருப்பி வைப்பேன். பள்ளியின் தாளாளர் வருவார், குனிந்து அதை மெஷின் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போவார். அந்த மனுஷரின் முதுகைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆபீஸில் நாங்கள் இரண்டு பேர்தான் பெண்கள். நான் ஒருத்தி, டைப்பிஸ்ட் அக்கா ஒருத்தி. அக்கா கொடைக்கானலிலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் புருஷன் பம்பாய்க்கு வேலை தேடிப் போனவர், போனவர்தான். ஒரே மகள். ஆபீஸில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் இலவசமாக ஒரு இடம் உண்டு. அந்த இடத்தில்தான் அந்தப் பிள்ளை ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தது. கணக்கில் புலி. டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டு திரியும். அக்காவின் வேலை போனால் அந்த இடமும் போகும். இது எங்கள் ஆபீஸில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், தாளாளருக்கும்தான்.

மெஷின் வந்ததும் அதை யார் தொடுவது என்று ஒரே பயம். தொட்டவள் அக்கா. டைப்ரைட்டரில் ஓடின விரல்தானே, இதிலும் ஓடியது. அதில் மூன்று புரோகிராம்கள். ஒன்று மாணவிகளின் பெயரும் விலாசமும் உள்ள பதிவேடு. இன்னொன்று கட்டம் கட்டமாக மார்க் போடுகிற தாள். மூன்றாவது கடிதம் அடிப்பது. மூன்றும் ஒன்றோடொன்று பேசாது. ஒரு வீட்டில் மூன்று மருமகள்கள் மாதிரி, நடுவில் ஒருத்தி ஓடி ஓடிச் சேதி சொல்ல வேண்டும். அந்த ஓடுகிற ஒருத்திதான் அக்கா. மார்க் தாளைத் திறந்து பிள்ளை பாஸா பெயிலா என்று பார்ப்பாள். பதிவேட்டைத் திறந்து விலாசம் பார்ப்பாள். கடிதத்தைத் திறந்து அடிப்பாள். ஒன்றை மூடி மற்றொன்று திறக்கும்வரை திரையையே பார்த்துக்கொண்டு கையை மடியில் வைத்திருப்பாள். மேகம் இறங்கின காலையில் வோல்டேஜ் படுத்துவிடும். அப்போது ஒரு புரோகிராம் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம்.

அக்காவிடம் ஒரு பழக்கம் உண்டு. எதை எழுதினாலும் தாளின் உச்சியில் ஒரு சின்னச் சிலுவை போட்டுவிட்டுத்தான் ஆரம்பிப்பாள். மளிகைச் சீட்டானாலும் சரி. எங்கள் வீட்டில் பிள்ளையார் சுழி போடுகிற மாதிரி. டைப்ரைட்டரில் அதற்குக் கூட்டல் குறி. கம்ப்யூட்டரிலும் கடிதத்தின் தலையில் ஒரு கூட்டல் குறி அடிப்பாள், கடிதம் அசிங்கமாகிவிடக் கூடாதே என்று உடனே அழித்துவிடுவாள். கண் சிமிட்டுகிற நேரம்தான். பக்கத்தில் இருந்த எனக்கு மட்டும் தெரியும்.

"ஏங்க்கா, அதான் அழிக்கிறீங்கல்ல, பெறகு எதுக்குப் போடுறீங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"போட்டது அவருக்குத் தெரியும் புள்ள. அழிச்சது நமக்காக" என்றாள்.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த காலத்தில் வந்து சேர்ந்தான் அந்த மெட்ராஸ்காரன். மெஷினை விற்றவன் அவன்தான். டை கட்டிக்கொண்டு, கொடைக்கானல் குளிருக்குக் குல்லா போட்டுக்கொண்டு வந்தான். புதிதாக ஒரு புரோகிராம் கொண்டுவந்திருந்தான். ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு வேலையைச் செய்ய வேண்டியது. எந்தப் புரோகிராமில் வேலை செய்தாலும் பரவாயில்லை, தட்டுகிற ஒவ்வொரு சாவியையும் அது பதிந்துகொள்ளும். ஒரு திரையில் இருக்கிற பெயரையும் பாஸா பெயிலா என்பதையும் எடுத்துக்கொண்டுபோய் இன்னொரு திரையில் ஒட்டும். பிறகு ஒரே ஒரு சாவியைத் தட்டினால் போதும், முழு வேலையும் தானாக, வரிசையாக, ஆளே இல்லாமல் நடக்கும்.

"டேப் ரெக்கார்டர் மாதிரி சார். நல்லாப் பாடறவங்க ஒரு தடவ பாடிட்டாங்கன்னா, அப்புறம் அவங்க வீட்டுக்குப் போயிடலாம்" என்றான்.

தாளாளர் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாளே அக்காவை உட்கார வைத்துப் பதிவு செய்ய ஆரம்பித்தார்கள். "ஒங்க பாரத்தைக் குறைக்கத்தாம்மா" என்று தாளாளர் தேன் ஒழுகச் சொன்னார். அக்காவுக்கு ஒரே சந்தோஷம். வருஷக் கடைசியில் பெற்றோருக்கு முடிவுக் கடிதம் அனுப்புகிற வேலையில் அவளுக்கு இடுப்பு ஒடிந்துவிடும். அது வெரசாக முடிந்தால் மகளோடு உட்கார்ந்து படிக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் நான் சொன்னேன், "அக்கா, ஒங்க பாரத்த எறக்குறேன்னு சொல்லி ஒங்க கைய வாங்கிட்டுப் போறாங்க. ஒங்களுக்கு வெளங்கலையா?"

"ஏ புள்ள, ஒனக்கு எல்லாத்துலயும் ஒரு குத்தம். மெஷினு வந்து என் வேலையப் பறிக்கப் போகுதாக்கும்? அத நான்தானே தொடைக்கணும்" என்று என் டிபன் பாக்ஸிலிருந்து ஒரு வடகத்தை எடுத்துக் கடித்தாள்.

பதிவு நடந்ததை நான் பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா எப்போதும் செய்வதுபோலவே செய்தாள். மூடினாள், காத்திருந்தாள், திறந்ததும் பார்த்தாள், தட்டினாள். மெட்ராஸ்காரனுக்கு அந்தக் காத்திருப்பு பொறுக்கவில்லை. "என்னம்மா, ரெக்கார்டிங்ல பாதி நேரம் சும்மா இருக்கீங்க" என்று சலித்துக்கொண்டான். பிறகு அவனே உட்கார்ந்து, பதிந்ததில் அக்கா கையை மடியில் வைத்திருந்த நேரத்தையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டான். சாவி மட்டும் மிச்சம். போட்டுக் காட்டினான். அடேயப்பா, என்ன வேகம்! திரை மாறி மாறி ஓடியது, பிரிண்டர் கறகறவென்று கடிதத்தைத் துப்பியது. தாளாளர் கைதட்டினார். அந்த வேகத்திலும் கடிதத்தின் தலையில் அக்காவின் கூட்டல் குறி மின்னி மறைந்ததை நான் பார்த்தேன். சரி, அதுவும் கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதில் ஆபத்து இருக்கும் என்று யார் கண்டது?

அன்று நல்ல வெயில். வோல்டேஜ் நன்றாக இருந்தது. அது ஒன்றுதான் அன்றைய அதிசயம்.

முடிவுக் கடிதம் அனுப்புகிற வாரம் வந்தது. பாஸான பிள்ளைக்கு வாழ்த்துக் கடிதம். தேறாத பிள்ளைக்கு, சான்றிதழை வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்கூடம் பாருங்கள் என்று ஒரு கடிதம். அந்த இரண்டாவது கடிதத்தை அடிக்கும்போதெல்லாம் அக்கா ஒரு தடவைக்கு இரண்டு தடவை மார்க்கைப் பார்ப்பாள். அந்த வருஷம் அவளை அதைத் தொடவே விடவில்லை. "நீங்க போய் லைப்ரரி புஸ்தகத்துக்கு நம்பர் ஒட்டுங்கம்மா" என்று அனுப்பிவிட்டார் தாளாளர். வெளியே பத்தடி தள்ளி நிற்கிற மரம் தெரியாத அளவுக்கு மேகம். விளக்கு மினுக் மினுக்கென்று எரிந்தது. அவரே சாவியைத் தட்டினார், ஏதோ கோயில் கொடியேற்றியது போல எங்களைப் பெருமையாகப் பார்த்தார், டீ குடிக்கப் போய்விட்டார். அச்சான கடிதங்களை மடித்து உறையில் போட ஒரு ஆள், ரப்பர் ஸ்டாம்பில் கையெழுத்துக் குத்த ஒரு ஆள். படித்துப் பார்க்க மட்டும் ஆள் இல்லை.

அடுத்த வாரம், வெள்ளனே வந்த முதல் பஸ்ஸில் பழனியிலிருந்து ஒருவர் வந்து இறங்கினார். அடிவாரத்தில் கடை வைத்திருப்பவர். பக்தர்களுக்கு விபூதியும் கற்கண்டும் விற்கிற கடை. கூடவே அவர் மகள். எட்டாம் வகுப்பில் முதல் மாணவி அவள்தான். ஸ்வெட்டரைக் கழுத்துவரை இழுத்து மூடியிருந்தாலும் கன்னம் வீங்கியிருந்தது தெரிந்தது. அவர் கையில் எங்கள் கடிதம். வேறு பள்ளிக்கூடம் பாருங்கள் என்கிற கடிதம்.

"பரிச்ச நல்லா எழுதுனேன்னுதாங்க எம்பிள்ள தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுச்சு. நான் நம்பலைங்க. இங்கிலீசுல அச்சடிச்சு வந்திருக்கே, பொய்யா சொல்லுவாகன்னு..." அவர் கடிதத்தை என் மேஜைமேல் வைத்தார். "ஒரு நாளும் கை ஓங்காதவனுங்க நான். அடிச்சுப்புட்டேங்க" என்றார்.

அந்தப் பிள்ளை என் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அழவில்லை. அதைப் பார்க்க முடியாமல் நான் எழுந்து போய் ஹீட்டரைத் திருப்பி அதன் பக்கம் வைத்தேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகக் கிளம்பியது. எட்டாம் வகுப்பில் பாதிக்கு மேல் கடிதம் மாறியிருந்தது. தேறாத பிள்ளையின் வீட்டில் கேக் வெட்டினார்களாம். வரிசையில் ஒரு பெயர் தள்ளிப்போயிருந்தது. ஒருத்தியின் முடிவு அடுத்தவளின் வீட்டுக்கு, அடுத்தவளின் முடிவு அதற்கும் அடுத்த வீட்டுக்கு.

மெட்ராஸ்காரன் மறுபடி குல்லாவோடு வந்தான். பதிவை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தான். கண்டுபிடித்துவிட்டேன் என்று துள்ளினான். பதிவேட்டில் அடுத்த மாணவிக்குப் போவதற்குக் கூட்டல் சாவியைத்தான் தட்ட வேண்டும். மேகத்தில் வோல்டேஜ் ஒரு தடவை படுத்திருக்கிறது. கடிதப் புரோகிராம் திறக்கத் தாமதமாகியிருக்கிறது. மெஷின் காத்திருக்கவில்லை, அக்காவின் சிலுவையைக் கடிதத்தின் தலையில் போடுவதற்குப் பதில் திரையில் இன்னும் திறந்து கிடந்த பதிவேட்டில் போட்டுவிட்டது. பதிவேடு ஒரு பிள்ளையைத் தாண்டி அடுத்த பிள்ளைக்குப் போய்விட்டது. அதிலிருந்து அத்தனையும் கோணல்.

தாளாளர் அறையில் விசாரணை. ஜெபத்தோடுதான் ஆரம்பித்தார்கள். கண்ணை மூடி, நீதியான தீர்ப்பைத் தாரும் ஆண்டவரே என்று உருகிவிட்டு, கண்ணைத் திறந்த கையோடு அக்காவைப் பார்த்துத் தாளாளர் கேட்டார்:

"ஜெபத்தை வீட்ல பண்ணக் கூடாதாம்மா? மெஷின்ல எதுக்குச் சிலுவ போடுறீங்க?"

மெட்ராஸ்காரன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். கூட உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடக் கமிட்டி ஆட்களும் சிரித்தார்கள். அவர்கள் தலைக்கு மேலே சுவரில் ஆளுயரத்துக்குச் சிலுவை ஒன்று மாட்டியிருந்தது. ச்சீ, மனுஷ ஜென்மங்களா இவர்கள் என்று இருந்தது எனக்கு.

அக்கா மெதுவாகத்தான் பேசினாள். "சார், நான் லெட்டர் பக்கம் வந்துருச்சான்னு கண்ணால பாத்துட்டுத்தான் போடுவேன். வர்ற வரைக்கும் கைய மடியில வச்சுட்டு உக்காந்திருந்தேனே, அது எங்க போச்சு?"

"அது வேஸ்ட் டைம். கட் பண்ணிட்டேன்" என்றான் மெட்ராஸ்காரன், ஏதோ முடி வெட்டிவிட்டவன் மாதிரி.

"அப்ப வெட்டுனதுலதானங்க தப்பு?" என்று வாசலில் நின்ற நான் கத்திவிட்டேன். கூப்பிடாமல் வந்து நின்றதற்கு எனக்கு ஒரு மெமோ கிடைத்தது. அது கிடக்கிறது குப்பை. தாளாளர் கமிட்டியைப் பார்த்துச் சொன்னார்: "மெஷின் தப்பு பண்ணாது. நாம என்ன தட்டினோமோ அதைத்தான் அது தட்டும். தட்டினது யாரு?"

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். விரல் வேண்டும், எடுத்துக்கொண்டார்கள். கண் வேண்டாம், வெட்டி எறிந்துவிட்டார்கள். எறிந்த இடத்தில் குழி விழுந்ததும், குழிக்கு அவளே பொறுப்பு. இப்படி ஒரு அயோக்கியத்தனத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அக்காவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். போகிற அன்று ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள்: "எம்பிள்ள பத்தாவது முடிக்கிற வரைக்குமாவது அந்த எடம் இருக்குமா சார்?" தாளாளர் அவள் தலையில் கை வைத்து, "ஆண்டவர் வழி திறப்பார்மா, கவலப்படாதீங்க" என்றார். அக்கா அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். நான் எடுத்துக்கொள்ளவில்லை. அக்கா ஊருக்குள்ளேயே நாயுடுபுரத்தில் ஒரு அறைக்குக் குடிபோனாள், ஒரு ஹோட்டலில் துணி துவைத்து இஸ்திரி போடுகிற வேலையில் சேர்ந்தாள். டைப் அடிக்கிற கையால் கம்பளியை முறுக்கிப் பிழிந்தாள். மகளுக்கு அந்த இடம் இருக்கிறது என்ற ஒரு நம்பிக்கையில்தான் அந்தத் தண்ணீரில் கையை விட்டாள்.

இங்கே மெட்ராஸ்காரன் பதிவைச் சரிசெய்து, இரண்டு கடிதத்துக்கும் தனித்தனிச் சாவி வைத்துக் கொடுத்தான். சரிசெய்தது என்றால் என்ன, வெட்டின காத்திருப்பைத் திரும்ப ஒட்டினான், அவ்வளவுதான். சிலுவையை எடுக்க அவனுக்குத் தெரியவில்லை. எடுத்தால் பின்னால் வருகிற சாவியெல்லாம் குழம்பும், முதலிலிருந்து யாராவது செய்து காட்டினால் புதிதாகப் பதியலாம் என்றான். செய்து காட்டத் தெரிந்தவள் நாயுடுபுரத்தில் கம்பளி பிழிந்துகொண்டிருந்தாள். சரி, இருந்துவிட்டுப் போகட்டும், கண்ணுக்குத் தெரியாதே என்றார் தாளாளர். ஆக, அக்கா போன பிறகும் அந்த ஆபீஸிலிருந்து போன ஒவ்வொரு கடிதத்தையும் அக்காவேதான் அடித்துக்கொண்டிருந்தாள், சம்பளம் இல்லாமல்.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். ஒரு நாள் காலையில் தாளாளர் என்னை மெஷின் அறைக்குக் கூப்பிட்டார். பதிவேட்டில் ஒரு பெயரைத் திறந்து வைத்திருந்தார். அக்காவின் மகள் பெயர். ஒன்பதாம் வகுப்பில் முதல் மூன்று இடத்துக்குள் வந்த பிள்ளை.

"அந்த ரெண்டாவது லெட்டருக்கு உள்ள சாவிய அமுக்கும்மா" என்றார்.

"நீங்க வழி தொறக்கும்னு சொன்னீங்களே சார்."

"ஆண்டவர் தொறப்பார்னு சொன்னேன். அமுக்கும்மா."

"என் கையால நடக்காதுங்க" என்றேன். அந்த அறையின் காற்றை மூச்சிழுக்கக்கூடக் கூசியது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, நின்றபடியே குனிந்து ஒற்றை விரலால் தட்டினார். பதிவேடு மூடியது. கடிதப் பக்கம் திறந்தது. உச்சியில் ஒரு சின்னக் கூட்டல் குறி வந்தது, அழிந்தது. பிறகு கடிதம் ஓட ஆரம்பித்தது. வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம் என்று, இங்கிலீஷில்.

ஞாயிற்றுக்கிழமை நாயுடுபுரத்துக்குப் போனேன். தபாலில் கடிதம் எனக்கு முந்தி வந்துவிட்டது. மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அக்கா வாசல்படியில் உட்கார்ந்து, சோப்பில் வெளுத்துச் சுருங்கின விரல்களால் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தாளாளரை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே போன நான் அவள் முகத்தைப் பார்த்ததும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கடிதத்தின் உச்சியில், ஒன்றும் இல்லாத வெள்ளை இடத்தில், விரலை வைத்துத் தடவினாள்.

"ஏ புள்ள, இது அடிக்கையில நீ பக்கத்துல இருந்தியா?"

"இருந்தேன்க்கா."

"மேல சிலுவ வந்துச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. "வந்துச்சுக்கா" என்றேன்.

அக்கா கடிதத்தை மடித்து மடியில் வைத்தாள். "அப்ப எம்பிள்ளைக்கி இத நான்தான் அடிச்சிருக்கேன்" என்றாள்.